லாபம், ரெண்டு, மூணு

எங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு சோதனைக் குழாய் உடைந்தால் லேப் அட்டெண்டர் என்னிடம் சொல்ல மாட்டார். இரண்டாவது உடையும்வரை காத்திருப்பார். அது உடைந்ததும் முகமெல்லாம் நிம்மதியாக வந்து நின்று, "சார், ட்யூப்பு ரெண்டு ஒடஞ்சி பூட்ச்சி" என்பார். சில சமயம் முதலாவது உடைந்த அன்று சாயங்காலமே இரண்டாவதும் உடைந்துவிடும். அதற்கு இவருடைய கை எவ்வளவு ஒத்தாசை செய்தது என்று நான் விசாரித்ததில்லை.

விஷயம் இதுதான். அவருக்கு ஒன்று என்ற எண் கிடையாது. எண்ண ஆரம்பித்தால் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போகும். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் அதைக் களத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள், இவர் விடவில்லை. பெஞ்சு எண்ணினாலும் லாபம், சாக்பீஸ் எண்ணினாலும் லாபம். உடைந்த குழாயைப் போய் லாபம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் அந்தக் காத்திருப்பு.

பிள்ளைகள் அவருக்கு லாபம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. நிஜப் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் சொல்லப் போவதில்லை. இந்தப் பெயரே அவருக்குப் போதும்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. நான் பி.டி. முடித்த சூட்டோடு, கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் சயன்ஸ் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்து நாலு. உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் அப்போது இருக்கவில்லை. பள்ளியில் ஐந்தாம் பாரம் வரைக்கும்தான் இருந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு வகுப்பு, ஆறாம் பாரம். அதை முடித்தால்தான் பள்ளி இறுதிப் பரீட்சை. அது வேண்டுமென்றால் ரயிலேறிப் பொன்னேரிக்குப் போக வேண்டும். எங்களுக்கே ஆறாம் பாரம் வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் எழுதிப் போட்டபோது, முதலில் ஆய்வகத்தைக் காட்டு என்று பதில் வந்தது. பள்ளிக்கு இடம் கொடுத்த பெரிய நிலக்காரர் தன்னுடைய பழைய நெல் கிடங்கைக் கொடுத்தார். அந்தக் கிடங்கில் முப்பது வருஷமாக நெல் அளந்தவர் இவர். கட்டடத்தோடு சேர்ந்த சாமானாக இவரையும் கொடுத்துவிட்டார். அப்படித்தான் எனக்கு ஒரு லேப் அட்டெண்டர் கிடைத்தார்.

நெடுநெடுவென்று இருப்பார். மரக்கால் தூக்கிய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். காக்கிக் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள், அதற்குப் பொத்தான் போட்டு நான் பார்த்ததில்லை. குரல்தான் விசேஷம். களத்து மேட்டில் இந்தக் கோடியில் அளந்தால் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் நிலக்காரருக்குக் கேட்க வேண்டும் அல்லவா, அப்படி வளர்ந்த குரல். ஆய்வகத்தில் அவர் "லாபம்" என்றால் பக்கத்து வகுப்பில் வரலாறு நின்றுவிடும்.

இல்லை, காலி, பூஜ்யம் என்ற மூன்று சொல்லும் அவர் வாயில் வராது. இது எனக்குத் தெரியாததால், சேர்ந்த முதல் வாரமே மானம் போனது. ஸ்பிரிட் இருக்கிறதா என்று கேட்டேன். "நெறைவா கீது சார்" என்றார். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்பிரிட் விளக்கில் தீக்குச்சியை வைத்தேன். குச்சி எரிந்து என் விரலைச் சுட்டது. விளக்கு அசையவில்லை. இன்னொரு குச்சி, அதுவும் என் விரலுக்குத்தான்.

"நிறைவா இருக்குன்னு சொன்னீங்களே!"

"ஆமா சார். தீந்து பூட்ச்சின்னா அப்பிடித்தானே சொல்லணும். அரிசிப் பானையில அரிசி தீந்தா உங்க ஊட்டுல இன்னா சொல்லுவாங்கோ?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். காக்களூரில் என் அப்பாவுக்கும் நெல் விவசாயம்தான். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் வெகு நாள் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் வந்த எரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது.

பழவேற்காட்டுக்கு ஐந்தாம் பாரப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது படகு ஏறுமுன் எண்ணுகிற வேலையை அவரிடம் விட்டேன். தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முதலில் நிற்கிறவன் லாபம் ஆகிறான் என்பதால் முதல் இடத்துக்கு ஒரே அடிதடி. அந்த வகுப்பில்தான் அவருடைய பெண்ணும் படித்தாள். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஒல்லியாக, எதையும் இரண்டு தரம் பார்க்கிற கண்ணோடு இருப்பாள். அவள் கூட்டத்தில் தற்செயலாக முதல் ஆளாக நின்றிருந்தாள். அவர் அவள் தோளைப் பிடித்துக் கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்திவிட்டு வந்துதான் எண்ண ஆரம்பித்தார்.

"ஏன், அவ முதல்ல நின்னா என்ன?" என்றேன்.

"சொந்தப் பொண்ண லாபம்னு வாயால சொல்லக் கூடாது சார். கண்ணு பட்டுடும்."

படிப்பு அறிவு இல்லாத ஜனங்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான் அப்போது சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்த காலம்.

அந்த வருஷம் நான் ஐந்தாம் பாரத்துக்கு அளவீடு நடத்தினேன். நான் படித்ததெல்லாம் இங்கிலீஷில், நடத்த வேண்டியதோ தமிழில். அலகு, மீச்சிற்றளவு, சுழிப்பிழை என்று கலைச்சொற்களை ஒரு பட்டியலில் இருந்து எடுத்து அப்படியே டிக்டேட் செய்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எனக்கும் புரிந்த மாதிரி இருக்கும், அவர்களுக்கும் புரிந்த மாதிரி இருக்கும். "ஒரு கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவே அதன் மீச்சிற்றளவு" என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் பீரோ துடைத்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டார். "அப்போ ஆழாக்குன்னு சொல்றாரு. அதுக்குக் கீழன்னா கைப்பிடிதான். கைப்பிடி ஆளுக்கு ஆளு மாறும், அத்த கணக்குல சேக்க மாட்டோம், அதான?" பையன் தலையாட்டினான். எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அரை மணி நேரமாக நான் சொன்னதற்கு ஒரு தலைகூட ஆடியிருக்கவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பொறாமைப்பட்டேன்.

அடுத்தது நுட்பம், துல்லியம். இரண்டும் ஒன்றல்ல என்று நோட்டில் எழுத வைத்தேன். மறுபடி மறுபடி அளந்தாலும் ஒரே விடை வந்தால் அது நுட்பம். வந்த விடை உண்மை அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் அது துல்லியம். நுட்பம் இருந்தும் துல்லியம் இல்லாவிட்டால் அங்கே ஒரு முறையான பிழை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"பிழைய எப்படி சார் முறையாப் பண்றது?" என்று ஒருவன் கேட்டான்.

உட்காருடா என்றேன். எனக்கும் தெரியாது.

ஆய்வகத்தைப் பார்க்க அதிகாரி வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. அவருக்குக் காட்டத் தனி ஊசல் சோதனையைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தோம் என்பது கௌரவத்துக்குச் சொல்வது, உடையாமல் மிச்சம் இருந்த சாமான் அதுதான். உத்தரத்தில் இருந்து நூறு சென்டிமீட்டர் நூலில் ஒரு பித்தளைக் குண்டு தொங்கும். இழுத்து விட்டால் ஆடும். போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. இருபது அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்த்தால், அதிலிருந்து பூமி பொருள்களைத் தன் பக்கம் இழுக்கும் முடுக்கத்தைக் கணக்கிடலாம். விடை தொள்ளாயிரத்து எண்பதை ஒட்டி வர வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விடை.

எங்களுக்கு ஆயிரத்து எண்பத்தேழு வந்தது.

அவர் குண்டைப் பிடித்து விட்டுக் குரல் கொடுப்பார். என் கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும். அந்தக் குரலுக்கு நான் ஸ்டாப் கிளாக்கைத் தட்டுவேன், இருபது என்று கத்தும்போது நிறுத்துவேன். முப்பத்தெட்டு விநாடி, கொஞ்சம் சில்லறை. மறுநாளும் முப்பத்தெட்டு. நூலை மாற்றினேன், கடிகாரத்தைப் பொன்னேரிக்கு அனுப்பிச் சரிபார்த்தேன், நூறு சென்டிமீட்டரை நானே மூன்று தரம் அளந்தேன். ஒரு வாரம் முழுக்க ஆயிரத்து எண்பதுக்குக் கீழே இறங்கவும் இல்லை, தொண்ணூறைத் தாண்டவும் இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் மட்டும் பூமி கொஞ்சம் வேகமாக இழுக்கிறதோ என்றுகூட ஒரு மத்தியானம் யோசித்தேன். நுட்பம் என்றால் அப்படி ஒரு நுட்பம். நோட்டில் நானே எழுத வைத்ததை நானே படித்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். டிக்டேட் செய்கிறவர்கள் படிப்பதில்லை.

கடைசியில் நான் கல்லூரியில் கற்ற வித்தையைக் கையில் எடுத்தேன். அங்கே நாங்கள் முதலில் விடையை எழுதுவோம், பிறகு அதற்குத் தகுந்த அளவுகளைப் பின்னாலிருந்து தயாரிப்போம். அப்படி ஒரு பட்டியல் போட்டு எல்லாரையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதிகாரிக்கு முன்னால் சோதனையைச் செய்து காட்டும்போது நாற்பது விநாடி என்று நானே உரக்கச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

அவர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், அளந்தது வேற, எழுதறது வேறயா? என் எண்ணிக்க மேல சந்தேகமா?"

"எண்ணிக்கை மேல இல்ல. விடை வரலே."

"முப்பது வருசம் சார். ஒரு மரக்கா கூடவோ கொறச்சலோ போயிருக்குமா? இத்தினி நாள் அளந்ததெல்லாம் பொய்யின்னு சொல்றமாரி கீது." பிறகு குரலை இறக்கினார். "ஊட்டுல ஒரே பேஜாரு சார். ஆரம்பாக்கத்துல அவ மாமன் பையன் காத்துகினு கீறான். வைகாசில மூர்த்தம் வச்சிக்கலாம்ன்றாங்கோ. பொன்னேரிக்கு ரயில்ல அனுப்ப அவங்கம்மா ஒத்துக்க மாட்டா. இங்க ஆறாம் பாரம் வந்தா படிக்கட்டும், வரலன்னா கட்டிக் குடுத்துர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன். பொய்ய எழுதி அந்த ஆபீசர் கண்டுபுட்சிட்டா?"

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

கண்டுபிடித்தது அவர் பெண். ஆய்வுக்கு முந்தின நாள் மத்தியானம், எல்லாரும் என் பட்டியலைக் காப்பியடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் எழுதவில்லை. எழுந்து போய்க் குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், பாருங்க. நான் இன்னும் உடல." குண்டைக் கெட்டியாகப் பிடித்தபடி, "லாபம்" என்றாள். "நைனா இப்ப லாபம்னு சொல்லிட்டார். ஒண்ணு ஆயிடுச்சி. ஆனா குண்டு எங்கையிலயே கீதே சார்."

எனக்குக் காது சூடானது. குண்டு கையை விட்டுப் புறப்படும்போதே ஒன்று எண்ணியாகிவிட்டது. அவர் இருபது என்று கத்தியபோது குண்டு ஆடியிருந்தது பத்தொன்பது தரம். ஒரு வாரமாக, ஒவ்வொரு தரமும், ஒழுங்காக, மாறாமல், முறையாக. முறையான பிழை. அந்த லாபத்தை நான் ஐம்பது அறுபது தடவை காதால் கேட்டிருக்கிறேன். பிறந்தது முதல் கேட்ட சொல், அதனால் எனக்கு உறைக்கவே இல்லை. வேறு ஊரில் இருந்து வந்த எந்த முட்டாளுக்கும் முதல் நாளே உறைத்திருக்கும்.

அவரைக் கூப்பிட்டு, குண்டை விடும்போது பூஜ்யம் என்று சொல்லுங்கள், திரும்பி வந்ததும் ஒன்று என்று சொல்லுங்கள் என்றேன். பாம்பை மிதித்த மாதிரி பின்னால் போனார்.

"மொத வார்த்த அத்தயா சார் சொல்லுவாங்கோ? வெறும் மரக்கால எவனாவது எண்ணுவானா?"

"அதைத்தான் எண்ணச் சொல்றேன்."

"அதுவும் நாளைக்கா? எம்பொண்ணு விஷயம் முடிவாவற நாள்ல, வாயத் தொறந்ததும் பூஜ்..." சொல்லை முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

சொல்லாமல் கை தட்டுங்கள் என்றேன். தட்டினார். தட்டும்போதே வாய் லாபம் என்றது. வகுப்புத் தலைவனை எண்ணச் சொன்னேன். அவனும் லாபம் என்றான், எல்லாரும் இவர் வாயைப் பார்த்து எண்ணக் கற்றவர்கள். "நான் எண்றேன் சார்" என்றாள் பெண். பெண் பிள்ளை அதிகாரிக்கு முன்னால் கத்துவதாவது என்று ஹெட்மாஸ்டர் தடுத்துவிட்டார். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. விடும்போது லாபம் என்றே சொல்லலாம், ஆனால் அடுத்தது ஒன்று. லாபம், ஒன்று, இரண்டு. அதற்கே அவர் வெகு நேரம் உட்கார்ந்து யோசித்தார். லாபத்துக்குப் பிறகு ஒன்று என்றால், ஒரு மரக்கால் நெல் கணக்கில் வராமல் யாருக்கோ போகிறது என்று களத்தில் அர்த்தம். அப்படி எண்ணுகிறவனை எந்த ஊரிலும் திருடன் என்பார்கள். "பொண்ணுக்காவ" என்று எழுந்து போனார். பிள்ளைகள் என் பட்டியலைக் கிழித்துவிட்டு, புது எண்ணிக்கையில் அளந்து எழுதினார்கள். தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று வந்தது. நான் கண்டுபிடித்த மாதிரி ஒரு நடை நடந்தேன்.

அதிகாரி காலை வண்டியில் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் கைக்குட்டை. இட்லியும் வடையும் முடித்து, சதா ஏப்பத்தோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தார். நோட்டுகளைப் புரட்டினார், தலையாட்டினார். "செய்து காட்டுங்க" என்றார்.

எங்கள் அட்டெண்டர் அன்றைக்குக் கோட்டுக்குப் பொத்தான் போட்டிருந்தார். குண்டைப் பிடித்தார். "லாபம்!" விட்டார். ஒரு சின்னத் தயக்கம். "ஒண்ணு!"

"நிறுத்து" என்றார் அதிகாரி.

குண்டு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது? லாபத்துக்கு அப்புறம் ஒண்ணா? திருநின்றவூர்ல எங்களுக்கும் நெலம் இருக்கு. ஒரு மரக்கால் கணக்குல விட்டுப்போச்சே! எண்ணவே தெரியாம ஒரு ஆய்வகமா? இங்க கொண்டா." கடிகாரத்தை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார். "நான் எண்ணறேன். நீ விடு. லாபம்! ரெண்டு! மூணு!"

ஏப்பத்துக்கு நடுவே இருபது வரை எண்ணினார். முப்பத்தெட்டு விநாடி. நோட்டில் இருந்தது நாற்பது. "ஆக, இந்த நோட்டெல்லாம் பொய்" என்றார். "அளவு தெரியாத இடத்துக்கு ஆறாம் பாரம் எதுக்கு? இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்."

ஹெட்மாஸ்டர் ஆமாம் என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன். இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. பி.எஸ்ஸி., பி.டி. படித்த கழுத்து, யாரும் கேட்காமலே ஆடியது. எனக்குச் சரி எது என்று தெரியும். அதிகாரி தப்பு செய்தது எங்கே என்றும் தெரியும். மூன்று பேனாவும் சட்டைப்பையில் இருந்தன.

பெண் பின் வரிசையில் இருந்து அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் போய்க் குண்டை நிறுத்தினார். கையில் பிடித்துக்கொண்டு அதிகாரிக்கு நேரே திரும்பினார்.

"சாமி, கோச்சிக்காதீங்கோ. இப்ப குண்டு எங்கையில கீது. எத்தினி ஆட்டம் ஆடிக்கீது, சொல்லுங்கோ."

"ஆடவே இல்லையே. ஒண்ணும் இல்ல."

"ஆடாததுக்கு லாபம்னு சொல்லிட்டோம் சாமி, நீங்களும் நானும். களத்துல மரக்கா ரொம்பின அப்பாலதான் வாயத் தொறப்போம். இங்க ரொம்பறதுக்கு மின்னாடியே தொறந்துட்டோம்." நூல் தொய்யாமல் குண்டைப் பின்னுக்கு இழுத்தார். "நீங்க கடியாரத்தப் பாருங்கோ. நான் எண்றேன்."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, களத்து மேட்டின் அந்தக் கோடிக்கும் கேட்கிற குரலில், முப்பது வருஷத்தில் ஒரு தரம்கூடச் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னார்.

"பூஜ்யம்!"

குண்டு புறப்பட்டது. பக்கத்து வகுப்பில் வரலாறு நின்றது. "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று அவர் எண்ணிய ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளின் உதடும் சேர்ந்து அசைந்தது. இருபதில் அதிகாரி கடிகாரத்தைத் தட்டினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்பது, கொஞ்சம் சில்லறை.

"யாராவது கணக்குப் போடுங்க" என்றார் தரையைப் பார்த்தபடி. அந்தப் பெண்தான் போனாள். கரும்பலகையில் வரிசையாகப் போட்டு, கடைசியில் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் அலகையும் மறக்காமல் எழுதினாள். அலகு எழுதாமல் விடக் கூடாது என்று நான் நூறு தரம் சொல்லியிருந்தேன். எனக்குக் கண் கலங்கியது. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அதிகாரி தன் தவற்றை ஒப்புக்கொண்டாரா என்றால், அதிகாரிகளுக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆய்வுப் புத்தகத்தில் "ஆய்வகப் பணியாளரின் குரல் நன்று" என்று மட்டும் எழுதிவிட்டு மத்தியான வண்டிக்குப் போய்விட்டார்.

ஆறாம் பாரத்துக்கான உத்தரவு வரவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது. அவர் தினமும் தபால்காரரைப் பள்ளிக்கூட வாசலிலேயே மறித்துக் கேட்டார். ஆய்வகத்தில் எதையும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். சோதனைக் குழாய் ஒன்று உடைந்தபோது அன்றைக்கே வந்து, "ஒண்ணு ஒடஞ்சிது சார்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"நான்தான் சார் வாயால கெடுத்துக்கினேன்" என்றார் ஒரு நாள். "சொல்லக் கூடாதத சொன்னேன். அதான் தபாலே வர்ல. வைகாசி பொறந்தாச்சி. மாமன் ஊட்டுலேந்து ஆளு வந்து போயாச்சி."

பூஜ்யத்துக்கும் தபாலுக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்க நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். எனக்கே ராத்திரியில் அந்தப் பூஜ்யம் காதில் கேட்டது. முதல் முறையாக, அவர் சொன்னது பலித்துவிடக் கூடாதே என்று பயந்தேன்.

வைகாசி முடிய ஆறு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. ஹெட்மாஸ்டர் படித்து முடிப்பதற்குள் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கேட்டுக்கூட எடுக்கவில்லை. அது என் சைக்கிள்.

பள்ளி திறந்தது. ஆறாம் பாரத்தின் முதல் நாள், புதுப் பதிவேட்டோடு வகுப்புக்குப் போனேன். குமாஸ்தா பெயர்களை அகர வரிசையில் எழுதியிருந்தார். கதவோரத்தில் அவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

பேனாவைத் திறந்து, "நம்பர் ஒன்று" என்று கூப்பிட்டேன்.

அவர் பெண் எழுந்தாள். அவள் பெயர்தான் முதலில் இருந்தது. உள்ளேன் ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கதவோரத்தில் இருந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, கண் பட்டாலும் படட்டும் என்கிற மாதிரி, அந்தக் குரல் வந்தது.

"லாபம்!"

வகுப்பு சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பேனா எழுதாமல் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா சார் நிறுத்திக்கினீங்கோ?" என்றார் அவர், தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு கூப்புடுங்கோ."